எட்டெழுத்துக்குப் பதினோரு சீட்டு

அத்தியாயம் 3

படகில் ஏறுவதற்கு முன் அஜித்குமார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். ஏறிய பிறகு படகின் விளிம்பைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால் செருப்பு மடிக்குப் போனது. பத்து வருடம் பொன்னேரி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன் அவன். பிரேக் இல்லாத வண்டி எதையும் அவன் நம்புவதில்லை.

"ஏரியில இடுப்பளவு தண்ணிதான் அஜித்," என்றார் எலிசபெத்.

"இடுப்பளவு தண்ணியில பூட்டான்னு பேப்பர்ல வந்தா நம்ம ஆபீஸ் மானம் இன்னா ஆவுறது மேடம்?"

ஆபீஸ் என்பது பொன்னேரியில் மாவு மில்லுக்கு மேல் இருந்த ஒற்றை அறை. வாசலில் 'எலிசபெத் துப்பறியும் நிலையம்' என்று போர்டு. எலிசபெத் இருபத்திரண்டு வருடம் ஒரு வங்கியில் வெளிநாட்டுப் பணப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். வருகிற கேஸில் பத்துக்கு ஒன்பது, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பதுதான். இன்றைக்கு வந்திருப்பது பத்தாவது.

பத்தாவது கேஸ் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் முத்தம்மாள், வயது நாற்பது, ஊர் மணல்மேட்டுக்குப்பம். மடியில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பாஸ்புக். படகின் பின்னால் நின்று கழி ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தவர் அவளுடைய கொழுந்தன் திருவேங்கடம். கேஸில் திருடன் என்று பெயர் வாங்கியிருப்பவரும் அவர்தான்.

திருட்டுக் கொடுத்தவளைத் திருடனே படகில் ஏற்றிக்கொண்டு துப்பறிவாளரை அழைத்துப் போகும் அழகை அஜித்குமார் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை.

"இன்னொரு தபா சொல்லுங்கக்கா," என்றான். "மாவு மில் சத்தத்துல எனக்குப் பாதி காதுல வுழல."

முத்தம்மாள் சொன்னாள். குப்பத்திலிருந்து பதினோரு பேர் பஹ்ரைனுக்குப் போய் ஒரு முதலாளியின் படகில் மீன் பிடித்தார்கள். சித்திரையில் அந்தப் படகு கவிழ்ந்தது. பத்துப் பேர் திரும்பி வந்தார்கள், அவள் கணவர் வரவில்லை. ஏழெட்டு மாதம் இழுத்தடித்த முதலாளி, கடைசியில் ஆளுக்கு மூன்று லட்சம் அனுப்புகிறேன் என்று இறங்கி வந்தார்.

"செத்தவருக்கும் மூணு, பொழச்சவனுக்கும் மூணு. அதுல அந்த மனுசன் பாரபட்சம் பாக்கல," என்றாள்.

பணம் அனுப்ப முதலாளி கேட்டது மூன்றே விவரம். பெயர், கணக்கு எண், வங்கியின் ஸ்விஃப்ட் கோடு.

"ஸ்விஃப்ட்டுன்னா எனக்குக் காருதான் தெரியும் மேடம்."

"இது பேங்க்கோட விலாசம்," என்றார் எலிசபெத். "எட்டு எழுத்து. முதல் நாலு எந்த பேங்க்னு சொல்லும், அடுத்த ரெண்டு எந்த நாடு, கடைசி ரெண்டு எந்த ஊர். வெளிநாட்டுப் பணம் இதைப் பாத்துதான் வழி கண்டுபிடிக்கும். சின்னக் கிளைக்கெல்லாம் தனி கோடு இருக்காது. மெட்ராஸ் பெரிய கிளையோட கோடைத்தான் எல்லாரும் போடணும்."

"அதையேதான் பேங்க்குலயும் சொன்னாங்க, பதினோரு பேருக்கும் ஒரே கோடுன்னு," என்றாள் முத்தம்மாள். "அப்பால ஊர் சும்மா இருக்குமா?"

ஊர் சும்மா இருக்கவில்லை. இந்த ஏரியில் மீன் விழும் இடம் ஒன்று, வலை பத்து என்றால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. சீட்டுக் குலுக்கி, பெயர் வந்த வரிசைப்படி ஆளுக்கு ஒரு நாள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை விழக்கூடாது. இந்த ஒரு ஏற்பாட்டினால்தான் குப்பத்தில் இத்தனை தலைமுறையாக மண்டைகள் உடையாமல் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் கோடு ஒன்று, ஆள் பதினொன்று என்று சொன்னால் என்ன ஆகும்? பானையை எடுத்தார்கள், சீட்டுப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு வாரம் கோடு.

அஜித்குமார் சிரிப்பை அடக்க ஏரியைப் பார்த்தான். "எல்லாரும் ஒரே நாள்ல அனுப்பச் சொன்னா இன்னாவாம்?"

"ஒரே எடத்துல பதினோரு வலை போட்டா சிக்கிக்காதா?" என்றார் திருவேங்கடம், கழியை ஊன்றியபடி, மிகவும் நியாயமாக.

பஹ்ரைனிலிருந்து திரும்பி வந்த பத்துப் பேரில் அவரும் ஒருவர். அவர் பாடு ஆறாவது வாரம், முத்தம்மாள் பாடு ஏழாவது. பஹ்ரைனில் ஏதோ விடுமுறை வந்ததால் திருவேங்கடத்தின் மூன்று லட்சம் அவர் வாரத்தில் வராமல், அடுத்த வாரம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. போதாக்குறைக்குக் கோடு வைத்த டப்பாவையும் அவர் ஒரு நாள் தாமதமாகத்தான் ஒப்படைத்திருந்தார். முத்தம்மாளுக்கு ஒரு பைசா வரவில்லை. பஹ்ரைன்காரர்களோ அனுப்பிவிட்டோம் என்று சாதித்தார்கள். போன வாரம் ஊர் கூடித் தீர்ப்பு சொல்லிவிட்டது. வந்தது முத்தம்மாள் பாட்டில், ஆகவே பணம் முத்தம்மாளுடையது. அடுத்தவர் பாட்டில் வலை போட்ட குற்றத்துக்காகத் திருவேங்கடத்தின் ஏரிப் பாடும் இனி அவளுக்கே. இன்று வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்குத் தீர்ப்பில் கையெழுத்து.

"அப்ப உங்களுக்கு லாபம்தானே?" என்றான் அஜித்குமார். "மூணு லட்சம், கூடவே பாடு. எங்களுக்கு ஃபீஸ் குடுத்து அதை ஏன் கெடுத்துக்கிறீங்க?"

முத்தம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது அவரோட துட்டு தம்பி. ரெண்டு பொண்ணு கீது அவருக்கு. என் வூட்டுக்காரர் உசுருக்கு வந்த துட்டு எங்கியோ கீது. அது எனக்கு வேணும். இவரு திருடுனதா சொல்லி நான் வாங்கித் தின்னா, அது தொண்டையில எறங்குமா?"

திருவேங்கடம் கழியைப் பார்த்துக்கொண்டார். அஜித்குமார் மடியில் இருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

*

குப்பத்து வலைக் கொட்டகையில் ஊர்த் தலைவர் கோதண்டம் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மூக்குக்கண்ணாடி என்று ஒருவர். அவர் ஏகாம்பரம். பஹ்ரைன் போன பதினோரு பேரில் அவரும் ஒருவர், பத்தாவது வரை படித்தவர், ஊர் நியமித்த கோடு காப்பாளர்.

கோடு காப்பாளர் டப்பாவைத் திறந்து காட்டினார். பிஸ்கட் டப்பா, சின்னப் பூட்டு, உள்ளே சிவப்புத் துணி, துணிக்குள் லேமினேட் செய்த அட்டை. அட்டையில் எட்டெழுத்து. அம்மன் நகையைப் பார்ப்பதுபோல் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"யார் பாடோ அவங்க வூட்ல ஒரு வாரம் இருக்கும்," என்றார் ஏகாம்பரம். "விவரத்தை நான் எழுதி எடுத்துக்கினு போய், பஜார்ல வின்சென்ட் கடையில மெயில் அனுப்புவேன். நம்ம ஆளுங்களுக்கு இங்கிலீஷ் வராது பாருங்க."

கொட்டகைத் தூணில் ஒரு போட்டோ தொங்கியது. ஏகாம்பரத்துக்குத் தலைவர் சால்வை போர்த்துகிறார்.

"இது எதுக்கு?" என்றார் எலிசபெத்.

தலைவர் பெருமையாகச் சொன்னார். "சீட்டுல மொதப் பாடு இவருக்குத்தாம்மா வந்திச்சி. அவசரக்காரன் முன்னால போவட்டும்னு எம் மருமவனுக்கு விட்டுக்குடுத்துட்டு, கடைசிப் பாடு வாங்கிக்கினாரு. பதினோராவது ஆளு. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க?"

"பெரிய மனசு," என்றான் அஜித்குமார், மனதாரவே.

ஏகாம்பரம் கூச்சத்தோடு ஒரு ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். 'கோடு பராமரிப்பு நிதி. ஆளுக்கு ரூபாய் ஐந்நூறு.'

"எட்டு எழுத்துக்கு இன்னாங்க பராமரிப்பு? எண்ணெய் வுடுவீங்களா?"

"டப்பா, பூட்டு, லேமினேஷன், படகுக் கூலி. இதுல ஒளிவுமறைவே கெடையாது தம்பி. நிதிக்கு என் பேர்ல தனிக் கணக்கு, நம்பரை ரசீதுலயே அச்சடிச்சிட்டேன். யாரு வேணா பேங்க்குல கேக்கலாம்."

பதினோரு பேரும் ரசீது வாங்கியிருந்தார்கள். முத்தம்மாளின் ரசீது பாஸ்புக்குக்குள் மடித்தபடி இருந்தது. எலிசபெத் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அதே மடிப்பில் வைத்தார்.

"பாடு சட்டம் என்ன தலைவரே?" என்றார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் வலை போட்டா, வலையில வுழுந்த மீனும் போவும், போட்டவன் பாடும் போவும். ரெண்டும் யாரு பாடோ அவங்களுக்கு. எங்க நைனா காலத்துக்கும் முன்ன இருந்தே அதுதான். யாருக்காவும் மாத்த முடியாது."

"நல்ல சட்டம்," என்றார் எலிசபெத். "நாலு மணிக்கு வந்துடறேன்."

*

பழவேற்காடு பஜாரில் வின்சென்ட்டின் கடை ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம், பஸ் டிக்கெட், பிறந்தநாள் கேக் ஆர்டர் என்று எல்லாவற்றையும் ஆறடி அகலத்தில் அடக்கியிருந்தது. துப்பறியும் நிலையம் என்று கேட்டதும் வின்சென்ட்டுக்கு வியர்த்தது. அஜித்குமார் எலிசபெத்தின் காதருகே குனிந்தான்.

"ஆளு வேர்க்கறான் மேடம். இவன்தான்."

"ஃபேன் ஓடலை அஜித்."

வின்சென்ட் ஏழு வாரத்து மெயிலையும் அச்செடுத்துக் கொடுத்தான். எலிசபெத் ஏழாவதை எடுத்து, முத்தம்மாளின் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்தார். பெயர் சரி. கோடு சரி. கணக்கு எண் வேறு.

"ஏகாம்பரம் அண்ணன் எழுதிக் குடுத்ததத்தான் அடிச்சேன் மேடம்," என்றான் வின்சென்ட்.

"எழுதின தாள்?"

"அத எப்பவும் அவரே எடுத்துக்கினு பூடுவாரு."

"தாளு இல்லன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க," என்றான் அஜித்குமார். வின்சென்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் வியர்த்தது.

எலிசபெத் பாஸ்புக்குக்குள் எதையோ ஒரு நொடி பார்த்தார், மூடினார், நான்கு எலுமிச்சை சோடா சொன்னார். அவர் சோடா சொன்னால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். என்ன என்று அவராகச் சொல்லமாட்டார். கேட்டாலும் சொல்லமாட்டார். சம்பளத்தோடு சேர்த்து அஜித்குமார் ஒப்புக்கொண்ட கஷ்டங்களில் அதுவும் ஒன்று.

அங்கிருந்து கரையில் இருந்த வங்கிக் கிளை. டோக்கன் எண் நாற்பத்தாறு. நாற்பத்தைந்து பேரும் போன பிறகு ஓர் இளம் அதிகாரி அவர்களைப் பார்த்தார்.

"இவங்களுக்கு பஹ்ரைன்ல இருந்து பணம் வந்திருக்கா?" என்றார் எலிசபெத்.

அதிகாரி தட்டிப் பார்த்தார். "வந்திருக்கு மேடம். ஆனா வரலை."

"சார், அதுல ஒண்ணைச் சொல்லுங்க," என்றான் அஜித்குமார்.

"பத்து நாளைக்கு முன்னாடியே மெட்ராஸ் கிளைக்கு வந்திருக்கு. பேரு முத்தம்மாள்னு இருக்கு, நம்பர் வேற ஆளோடது. பேரும் நம்பரும் ஒத்துப்போகலைன்னா நிறுத்தி வெச்சிடுவோம். திங்கட்கிழமை சாயந்திரம் அனுப்பின இடத்துக்கே திரும்பிடும்."

முத்தம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாளா இங்கதான் கீதா? யாருமே சொல்லலியே."

"யாரும் கேக்கலியேம்மா."

"நம்பர் யாரோடது?" என்றார் எலிசபெத்.

"அதைச் சொல்லக்கூடாது மேடம். வாடிக்கையாளர் ரகசியம்."

பணத்தைப் பறிகொடுத்தவளுக்கும் சொல்லவில்லை, பறித்தவனுக்கும் சொல்லவில்லை. வங்கியின் முன் எல்லோரும் சமம் என்பது இதுதான் போலிருக்கிறது என்று அஜித்குமார் நினைத்துக்கொண்டான்.

எலிசபெத் தன் பழைய வேலையின் குரலில் பேசினார். சரியான நம்பரை பஹ்ரைன்காரர்களே திருத்தி அனுப்பினால்? அனுப்பினால் மறு நிமிடம் பணம் ஏறிவிடும் என்றார் அதிகாரி. ஆனால் பதினோரு பேருக்கும் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பார்த்துத்தான் பஹ்ரைன் முதலாளி பணமே அனுப்பியிருந்தார். திருத்தத்துக்கும் அதே கையெழுத்து வேண்டும். தலைவரோ, பணம் திருவேங்கடத்திடம் இருக்கிறது என்று தீர்ப்பே சொல்லிவிட்டவர். பஹ்ரைன் ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை திறக்கும். கையெழுத்து இன்றைக்கே கிடைத்தாக வேண்டும்.

"இன்னொண்ணு," என்றார் எலிசபெத். "இந்தக் கோடை ஒரு வாரத்துக்கு ஒருத்தர்தான் உபயோகிக்கணும்னு நீங்க சொன்னீங்களா?"

அதிகாரி விழித்தார். "ஒரே நாள்ல ஆயிரம் பேருக்கு வரும் மேடம். அன்னிக்குப் பதினோரு பேரும் மேஜையில ஏறாத குறை. ஒவ்வொருத்தரா வாங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

வெளியே வரும்போது அஜித்குமார் நின்றான். சுவரில், வட்டி விகிதப் பட்டியலுக்கும் குடைகளை மறக்காதீர்கள் என்ற அறிவிப்புக்கும் நடுவில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளிநாட்டுப் பணம் பெற என்று தலைப்பு. கீழே எட்டெழுத்து. சிவப்புத் துணிக்குள் பூட்டுப் போட்டு வைத்திருந்த அதே எட்டெழுத்து.

"நல்லவேளை, இதுக்கும் சால்வை போத்தல," என்றான்.

திரும்பும் படகில் எலிசபெத் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "திருவேங்கடம், இறால் சீசன்ல உங்களுக்கு முதல் பாடு விழுந்தா, வேற யாருக்காவது விட்டுக்கொடுப்பீங்களா?"

திருவேங்கடம் கழி ஊன்றுவதையே நிறுத்திவிட்டார். "மொதப் பாடா? நல்லா இருக்கே. பெத்த புள்ளைக்கே குடுக்கமாட்டோமே."

"இந்த ஊர்ல யாராவது?"

"செத்தாலும் குடுக்கமாட்டான்."

படகு இரண்டு கை தூரம் தானாகவே நகர்ந்தது. அஜித்குமார் தூணில் தொங்கிய போட்டோவை நினைத்துப் பார்த்தான். மனதாரப் பாராட்டியதை மெல்ல வாபஸ் வாங்கிக்கொண்டான்.

*

நான்கு மணிக்குக் கொட்டகை நிறைந்திருந்தது. ஆண்கள் உள்ளே, பெண்கள் வெளியே வெயிலில். முத்தம்மாள் மட்டும் வழக்குக்காரி என்பதால் உள்ளே நிற்க அனுமதி.

எலிசபெத் சுற்றி வளைக்கவில்லை. வங்கியில் பணம் நிற்பதைச் சொன்னார். ஏழாவது மெயிலைப் படித்தார். பிறகு பாஸ்புக்கைத் திறந்து, மடித்து வைத்த ரசீதை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார்.

"மெயில்ல இருக்கற கணக்கு எண்ணும் இதுல அச்சடிச்ச எண்ணும் ஒண்ணான்னு பாருங்க."

தலைவர் விரல் வைத்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தார். பதினோரு வீட்டிலும் பத்திரமாக இருந்த அதே எண். கோடு பராமரிப்பு நிதி.

கொட்டகை ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பியது. அஜித்குமார் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றான். கேஸ் முடிந்தது, ஆறு மணி பஸ் கிடைத்துவிடும்.

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வின்சென்ட் பையன் பண்ண தப்பு இது," என்றார் அமைதியாக. "நிதி ரசீது அடிச்சதும் அவன்தான். அந்த நம்பர் கம்ப்யூட்டர்ல இருந்திருக்கும், மாத்திப் போட்டுட்டான். முத்தம்மா துட்டு நிதியில வந்து வுழுந்திருந்தா நானே எடுத்துக் கையில குடுத்திருப்பேன். நிதின்னா யாருது? ஊருது. என்னைத் திருடன்னு சொன்னா ஊரைத் திருடன்னு சொல்ற மாதிரி."

தலைகள் ஆடின. யாரோ 'அதானே' என்றார்கள். தலைவரின் முகம் தெளிந்தது. "டைப்பிங் மிஸ்டேக்கு. அவ்ளோதானாம்மா?"

ஆறு மணி பஸ் அஜித்குமாரின் கண்முன்னாலேயே கிளம்பிப் போனது. அவன் எலிசபெத்தைப் பார்த்தான். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கலாம் தலைவரே. நான் வாதாட வரலை. ஆனா பேங்க்ல இன்னொரு கெட்ட செய்தி சொன்னாங்க. இந்தக் குழப்பத்தால அந்தக் கோடையே இன்னிக்குப் பூட்டிட்டாங்களாம். பாக்கி நாலு பேருக்கு இனிமே பணம் வராது. முதலாளியும் கையை விரிச்சிட்டாராம்."

கொட்டகை இடிந்து விழாததுதான் பாக்கி. எட்டாம் பாட்டுக்காரர் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்து, எஞ்சினுக்கு வாங்கிய கடனை யார் அடைப்பது என்று அழுதார். ஒன்பதாமவர் வங்கியைக் கொளுத்தப் புறப்பட்டார். பத்தாமவர் திருவேங்கடத்தின் சட்டையைப் பிடித்தார். அந்த அமளியில் ஏகாம்பரம் எழுந்து கையமர்த்தினார்.

"பொறுமையா இருங்கப்பா. துட்டு இன்னிக்குப் போவும், நாளைக்கு வரும். மனசு வுட்டுடாதீங்க. கைகால் நல்லா இருந்தா சம்பாரிச்சிக்கலாம்."

"நல்லா ஆறுதல் சொல்றீங்க," என்றார் எலிசபெத். "உங்களுக்கு ஆறுதல் யார் சொல்றது?"

"எனக்கு எதுக்கு மேடம்?"

"நீங்கதானே பதினோராவது ஆள். உங்க மூணு லட்சமும் சேர்ந்து போச்சு."

ஏகாம்பரம் கண்ணாடியை மறுபடி கழற்றினார். தரையில் அழுதுகொண்டிருந்த எட்டாமவர் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு... பொறுமை ஜாஸ்தி," என்றார் ஏகாம்பரம்.

"இந்த ஊர்ல முதல் பாட்டை எவனும் விட்டுத்தர மாட்டான்னு திருவேங்கடம் சொல்றார். நீங்க விட்டுக்கொடுத்தீங்க. வரிசைக்கு அவசியமே இல்லைன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். கோடு பேங்க் சுவர்லயே ஒட்டியிருக்கு. யாரு எப்ப வேணா போடலாம். பாடு வைக்கலாம்னு யோசனை சொன்னது யாரு தலைவரே?"

தலைவர் யோசித்தார். யோசித்த விடை அவருக்கே பிடிக்கவில்லை. "ஏகாம்பரந்தான்."

"எல்லார் விவரமும் ஒவ்வொண்ணா அவர் கைவழியா போகணும். அதுல எழுதப் படிக்கத் தெரியாத, புருஷன் இல்லாத ஒருத்தர் வரும்வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குத்தான் பாடு. பழி போட டப்பாவைத் தாமதமா குடுத்த கொழுந்தனும் கிடைச்சார். பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லுங்க. நிதியோடது வேண்டாம். அவரோட சொந்தக் கணக்கோடது."

பாஸ்புக் மகள் வீட்டில் இருக்கிறது என்றார் ஏகாம்பரம். வெளியே வெயிலில் நின்ற பெண்கள் கூட்டத்திலிருந்து அவர் மனைவி தேவகி குரல் கொடுத்தாள். "அரிசி டின்னுல கீது, நான் எடுத்தாறேன்." புருஷனுக்கு ஒத்தாசை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவள் ஓடிய வேகத்தைப் பார்த்து அஜித்குமாருக்கே பாவமாக இருந்தது.

பாஸ்புக் வந்தது. எலிசபெத் பக்கத்தைக் காட்டினார். மூன்று லட்சம், பஹ்ரைனிலிருந்து. முதல் பாடு ஆரம்பித்த மூன்றாம் நாள்.

அதுவரை பெரியமனுஷத் தோரணையில் இருந்த தலைவருக்கு இப்போதுதான் கோபம் வந்தது. விதவையின் பணத்துக்கு வராத கோபம்.

"அது எம் மருமவன் பாடு வாரமாச்சே," என்றார் எழுந்து நின்று. "எம் மருமவன் பாட்டுலயா வலை போட்ட?"

கொட்டகையே எழுந்தது. ஒரு பெண்ணை ஏமாற்றியவனை டைப்பிங் மிஸ்டேக் என்று விட்டுவிட இருந்த ஊர், வரிசை தாண்டியவனை விடத் தயாராயில்லை. ஏகாம்பரம் உட்கார்ந்தார். பையில் இருந்த இரண்டு பேனாவும் சாய்ந்து கிடந்தன.

எலிசபெத் பஹ்ரைனுக்கு அனுப்பவேண்டிய திருத்தக் கடிதத்தை நீட்டினார். தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கோடு பூட்டியதாகத் தான் சொன்னது பொய் என்றும் எலிசபெத் ஒப்புக்கொண்டார். எட்டாமவர் மறுபடி அழுதார், இந்த முறை சந்தோஷத்தில். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் காரியமாகக் கேட்டார்.

"அப்ப இந்த வாரம் கோடு யாருக்கு?"

"நாலு பேரும் ஒண்ணா அனுப்புங்க."

"சிக்கிக்காதா?"

"சிக்காதுப்பா," என்றான் அஜித்குமார். "வேணும்னா நான் பக்கத்துல நின்னு பிரிச்சி வுடறேன்."

எல்லோரும் கலையத் தொடங்கினார்கள். முத்தம்மாள் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"தலைவரே, சட்டம் பாக்கி கீது."

"இன்னா சட்டம்?"

"காலையில சொன்னீங்களே. மீனும் போவும், போட்டவன் பாடும் போவும். ரெண்டும் யாரு பாடோ அவங்களுக்கு. என் பாட்டுல வலை போட்டது அவரு. மீனு திங்கக்கெழமை வந்துடும். செவ்வாக்கெழம முகத்துவாரத்துல ஏகாம்பரம் அண்ணன் பாடு. அது இப்ப என்னுது."

கலையத் தொடங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். முகத்துவாரப் பாடு என்றால் இறால் கொட்டும் இடம். அதற்கு ஒரு பெண்ணின் பெயர் பானைக்குள் போனதே கிடையாது.

"ஏரிப் பாடு வேற, கோடுப் பாடு வேறம்மா," என்றார் தலைவர். "பொம்பளைக்கு ஏரிப் பாடு..."

"போன வாரம் குடுத்தீங்களே," என்றார் திருவேங்கடம்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கூட்டத்தில் அவர் பேசியது அதுதான் முதல் முறை.

"என் ஏரிப் பாட்ட புடுங்கி அண்ணிக்குன்னு சொன்னது நீங்கதான். அப்ப அவங்க பொம்பளைன்னு தெரியலியா? எப்பிடியும் நான்தான் ஓட்டுவேன், பேருக்குத்தானேன்னு நெனச்சீங்க. குடுத்தது குடுத்ததுதான். ஆளுதான் மாறுது, சட்டம் மாறல. யாருக்காவும் மாத்த முடியாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

தலைவர் எலிசபெத்தைப் பார்த்தார். எலிசபெத் கூரையைப் பார்த்தார். தலைவர் தன் நைனா காலத்தையும் அதற்கு முந்தின காலத்தையும் மனதுக்குள் தேடிப் பார்த்திருக்க வேண்டும். அங்கும் அவருக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

"பானையைக் கொண்டாங்கடா," என்றார்.

பானையிலிருந்து ஏகாம்பரத்தின் சீட்டை எடுத்துக் கிழித்தார்கள். புதுச் சீட்டு எழுத வேண்டும். வழக்கமாக எழுதுகிறவர் தரையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததால் யாரும் அசையவில்லை. அஜித்குமார் குனிந்து அவர் பையிலிருந்தே ஒரு பேனாவை உருவி நீட்டினான்.

"குடு தம்பி," என்றாள் முத்தம்மாள். "எம் பேரு மட்டும் எழுதத் தெரியும். அவரு பஹ்ரைன் போவறதுக்கு முன்ன, பேங்க்குல கையெழுத்து போடணும்னு சொல்லிக்குடுத்துட்டுப் போனாரு."

சீட்டைத் தூணில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். நேரம் பிடித்தது. வெளியே நின்ற பெண்கள் கொட்டகைக்குள் நாலடி வந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சீட்டை மடித்துப் பானைக்குள் போட்டுவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாக்கெழம எத்தினி மணிக்கு எறங்கணும்?"

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நாலு மணிக்கு," என்றார். "வெளிச்சம் வர்றதுக்கு முன்ன."

"வந்துடறேன்," என்றாள் முத்தம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைத்தாள்.